இரவில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

கடிதத்தின் சுருக்கம்

பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வெப் டெவலப்பர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கடைகளுக்கான சரக்கிருப்பு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவல் கொடுத்த புத்தகங்களும் கருவிகளும் திரும்பி வராத எரிச்சலில் தனக்காகவே ஒரு சிறிய இணையதளத்தை எழுதத் தொடங்கினார். யார் எதை வாங்கிப் போனார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று குறித்துவைக்கும் தளம் அது. நண்பர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள், பிறகு நண்பர்களின் நண்பர்கள். இன்று முன்பின் அறியாத சில நூறு பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். கல்லூரித் தோழர் ஒருவர் முகப்புப் பக்கத்தையும் இலச்சினையையும் வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரையும் அவரே தன் கணக்கில் வாங்கியிருக்கிறார். "எல்லாம் வாய்ப்பேச்சுதான், எங்களுக்குள் எழுத்து எதற்கு" என்கிறது கடிதம்.

இப்போது மூன்று பக்கமும் நெருக்கடி. வாடகைக்கு விடும் பொருட்களைக் கண்காணிக்கும் பகுதியைத் தன் மென்பொருளில் சேர்க்கப் போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஒரு சிறிய அமைப்பு இந்தத் தளத்தை விலைக்குக் கேட்கிறது. தோழரோ விற்க வேண்டாம், யாரும் எடுத்தாளும்படி திறந்த மூல நிரலாக வெளியிட்டுவிடலாம் என்கிறார்.

கேள்விகள் நான்கு. வீட்டில், இரவில், என் நேரத்தில் எழுதியது என்னுடையதுதானே? சில வாரங்கள் அலுவலக லேப்டாப்பில் எழுதினேன். அந்தக் கமிட்களை (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) கிட் என்னும் பதிவுக் கருவியின் வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டால் போதுமா? தேதிக் கணக்குப் பார்க்கும் அறுபது வரிகளை அலுவலக நிரலிலிருந்து எடுத்தேன்; அது ஒரு பொருட்டா? நிறுவனத்திடம் இப்போது சொன்னால் வேலை போய்விடுமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அதைச் செய்துவிடக்கூடும் என்று அஞ்சுகிறேன். கிட் வரலாற்றில் கை வைக்காதீர்கள்.

அலுவலக லேப்டாப்பில் எழுதியது சங்கடமான உண்மைதான். ஆனால் அது விளக்கிச் சொல்லக்கூடிய உண்மை. நாளை தகராறு வந்தால், "இவர் எங்கள் கருவியைப் பயன்படுத்தினார்" என்பது நிறுவனத்தின் பல வாதங்களில் ஒன்றாக இருக்கும். "தகராறு வரும் என்று தெரிந்தே ஆதாரத்தை அழித்தார்" என்ற வாதம் எழுந்தால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அழிக்கப்பட்ட ஆவணம் அழித்தவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளப் பல நாடுகளில் நீதிமன்றங்களுக்கு இடமுண்டு.

தவிர, உங்களால் அதை முழுமையாக அழிக்கவும் முடியாது. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதற்கு முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் மாறும். தோழரின் கணினியில் பழைய வரலாறு முழுவதும் இன்னொரு பிரதியாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் வெளிப்படும். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த வரலாறு உங்களுக்கான சாட்சியும்கூட. நிறுவனம் வாடகைப் பகுதியை அறிவிப்பதற்கு நெடுநாள் முன்பே தளம் தொடங்கிவிட்டது என்பதையும், பெரும்பகுதி வேலை உங்கள் சொந்தக் கணினியில் நடந்தது என்பதையும் காட்டக்கூடியது அதுதான். கமிட் தேதியை எவரும் விரும்பியபடி இட்டுக்கொள்ளலாம் என்பதால், தனியாக நின்றால் அது பலவீனமான சான்று. நிரல் களஞ்சியத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவையின் பதிவுகள், டொமைன் வாங்கிய ரசீது, நண்பர்களுக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சல் ஆகியவற்றோடு சேர்ந்தால் வலுப்பெறும். இவை எல்லாவற்றையும் இன்றே ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வரலாற்றில் எங்காவது கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (பிற சேவைகளை அணுகும் ரகசியக் குறியீடு) சிக்கியிருந்தால், அந்தச் சாவியைச் சேவையிடம் ரத்து செய்து புதிது வாங்குங்கள். வரலாற்றைத் திருத்துவது அதற்கும் தீர்வல்ல.

கடிகாரத்தை யாரும் கேட்பதில்லை

இனி முதல் கேள்வி. அலுவலகம் முடிந்த பிறகு எழுதியது தன்னுடையது என்ற நம்பிக்கை டெவலப்பர்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. பாதி உண்மை உள்ள நம்பிக்கைகள்தாம் எளிதில் அசையாதவை.

சட்டம் பெரும்பாலும் மணி பார்ப்பதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கணினி நிரல்கள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறியாணை, மூன்றும் வெவ்வேறு சொற்களில் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: அந்த ஊழியர் தன் பணியின் பகுதியாக இதை எழுதினாரா? சரக்கிருப்பு மென்பொருள் எழுதும் பணியில் இருப்பவர் நள்ளிரவில் வீட்டில் அமர்ந்து அதே மென்பொருளுக்கு ஒரு பகுதி எழுதினால், அது நிறுவனத்துடையதாகவே கருதப்படும். அதே ஆள் அலுவலக இடைவேளையில் இசைக்கருவிக்குச் சுருதி சேர்க்கும் செயலி எழுதினால், ஒழுங்கு நடவடிக்கை வரலாமே தவிர, பதிப்புரிமை பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். உங்கள் இரவல் தளம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பொருட்கள், திரும்ப வேண்டிய தேதிகள், நிலுவைப் பட்டியல் என்று அது பேசும் மொழியெல்லாம் உங்கள் நிறுவனத்தின் மொழிக்கு நெருங்கியது.

இதுவும் ஒப்பந்தம் எதுவும் சொல்லாத இடத்தில்தான். ஒப்பந்தத்தை நீங்கள் அனுப்பவில்லை. "வழக்கமான வரிகள்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலே அந்த வழக்கமான வரிகளை வைத்துத்தான் நடக்கிறது. "பணியில் இருக்கும் காலத்தில்" உருவாக்கும் எல்லாக் கண்டுபிடிப்புகளும் நிரல்களும் நிறுவனத்தையே சேரும் என்று அதில் இருக்கிறதா, பாருங்கள். இந்தத் தொடர் பணிநேரத்தை மட்டும் குறிக்கிறதா, வேலையில் சேர்ந்த நாள் முதல் விலகும் நாள் வரை இரவும் விடுமுறையும் சேர்த்துக் குறிக்கிறதா என்பதை வைத்துப் பெரும் வழக்கே நடந்திருக்கிறது. மேட்டல் பொம்மை நிறுவனத்தில் இருந்த வடிவமைப்பாளர் ஒருவர் பிராட்ஸ் பொம்மைகளின் யோசனையைப் போட்டி நிறுவனமான எம்ஜிஏவுக்குக் கொண்டுபோனார். 2008இல் நடுவர் குழு மேட்டலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தின் அந்தத் தொடருக்கு இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி முந்தைய தீர்ப்பை நீக்கியது. 2011இல் மறுவிசாரணை எம்ஜிஏ பக்கம் முடிந்தது. ஒரு தொடரின் பொருளுக்காக இவ்வளவு பாடு! அந்த அளவுக்குப் போராட எம்ஜிஏவிடம் பணம் இருந்தது. உங்களிடமும் என்னிடமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. கணினி நேரடியாக ஓட்டும் பழைய இயந்திர நிரலை மீண்டும் மனிதர் படிக்கும் உயர்நிலை மொழிக்கு மாற்றும் வழி ஒன்று தன் தலைக்குள் இருப்பதாக டெக்சாஸில் ஒரு மென்பொருள் பொறியாளர் சொன்னார். அது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி தங்களுடையது என்று, பின்னாளில் அல்காடெல் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு இணைந்த அவருடைய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வேலையில் சேர்வதற்கு முன்பே அந்த யோசனை தனக்கு இருந்ததாக அவர் சொன்னது எடுபடவில்லை. 2004இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்.

சில இடங்களில் சட்டமே ஊழியருக்கு அரணாக நிற்கிறது. கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், பிரிவு 2870, முழுக்கத் தன் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளையோ ரகசியத் தகவலையோ தொடாமல் செய்ததை ஒப்பந்தத்தின் மூலம் பறிக்க முடியாது என்கிறது. நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; தொடர்பு இருந்ததா என்பதை அது உருவான காலத்தில் வைத்துப் பார்க்கிறது. நீங்கள் கலிபோர்னியாவில் இல்லாவிட்டாலும் இந்த அளவுகோலை வைத்து உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். லேப்டாப் விஷயத்தில் தேற மாட்டீர்கள். தொடர்பு விஷயத்தில், நீங்கள் தொடங்கியபோது நிறுவனம் வாடகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்றால், உங்கள் நிலை மோசமில்லை.

இங்கேதான் உங்கள் கடிதம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறது. வாடகைப் பகுதி பற்றிய உள்கூட்டங்களில் நீங்கள் இருந்தீர்களா? இருந்திருந்தால், அதற்குப் பிறகு இரவல் தளத்தில் புதிதாக எதையாவது சேர்த்தீர்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனால் உங்கள் வழக்கறிஞரிடம் இதை மறைக்காதீர்கள்.

அறுபது வரிகள்

கடிதம் முழுக்க லேப்டாப்பைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். அறுபது வரிகளைப் போகிற போக்கில் சொல்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். லேப்டாப்பைப் பயன்படுத்தியவர் விதிமீறிய ஊழியர். நிரலை எடுத்துவந்தவர், நிறுவனத்தின் வழக்கறிஞர் கண்ணில், நிறுவனத்தின் சொத்தை வெளியே கொண்டுபோனவர். சிறிய பகுதி என்பது தானாகவே தற்காப்பு ஆகிவிடாது. அதை எழுதியவரே நீங்கள் என்பதும் ஆகாது. பணியின் பகுதியாக எழுதியது அது.

நல்லவேளையாக, சரிசெய்ய எளிதானதும் இதுதான். அந்தப் பகுதியை முற்றாக எடுத்துவிட்டு, உலாவிகளே இன்று தரும் தேதி வசதியையோ, தளர்வான உரிமத்தில் கிடைக்கும் பொது நிரலகம் ஒன்றையோ வையுங்கள். மாறிகளின் பெயரை மாற்றி, வரிகளை முன்னும்பின்னும் நகர்த்தி 'திரும்ப எழுதுவது' நகலெடுப்பதுதான். பழைய கமிட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாற்றியதைப் புதிய கமிட்டாகப் போடுங்கள், குறிப்பை ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்.

அந்தக் கையோடு தளத்தில் வேறு எதெல்லாம் பிறருடையது என்று ஒரு பட்டியல் எடுங்கள். வெளியிலிருந்து சேர்த்த ஆயத்த நிரல் பொதிகளில் எம்ஐடி என்னும் தளர்வான உரிமம் கொண்டவற்றுக்கு அந்தப் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் வகையில் (பிரதியைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் உரிமம்) ஏதாவது இருந்தால் கவனம் தேவை. சர்வரில் மட்டும் ஓடும்வரை அது பெரும்பாலும் எதுவும் கேட்காது. ஆனால் உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்ட் பயனரின் கைக்கே போகிற பிரதி. 2007இல் வந்த ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்போ, நிரலை மாற்றிச் சர்வரில் ஓட்டினாலே அதைப் பயன்படுத்துவோருக்கு மூல நிரல் கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. டெவலப்பர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகளும் இலவசச் சரக்கு அல்ல. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அலுவலகம் பணம் கட்டும் கணக்கின் வழியே பயன்படுத்தியிருந்தால், அதையும் லேப்டாப்போடு ஒரே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

தோழரின் கையில் என்ன இருக்கிறது

"தளம் என்னுடையது, அவர் உதவி செய்தார்" என்கிறீர்கள். ஏட்டில் பார்த்தால் நிலைமை வேறு.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரைப் பொறுத்தவரை அவர்தான் அதற்கு உரியவர். நாளை தோழரின் அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்புக் கட்டணம் போகாமல் நின்றால், எச்சரிக்கை மின்னஞ்சல் அவருக்கு வரும், உங்களுக்கு வராது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களில், பதிவு நீக்கப்பட்ட பிறகும் 30 நாட்கள் மீட்கும் அவகாசம் உண்டு, கட்டணம் கூடுதல். அதையும் தவறவிட்டால் பெயர் யாருக்கும் போகலாம். புதிதாகப் பதிவான பெயரையும், அண்மையில் பதிவாளர் மாறிய பெயரையும் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாமல் போகலாம். ஆகவே விற்பனைப் பேச்சு சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

வடிவமைப்பு இதைவிடப் பெரிய விஷயம். முகப்புப் பக்கமும் இலச்சினையும் அவர் படைத்தவை. அவர் உங்கள் ஊழியர் அல்லர். பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். "வைத்துக்கொள்" என்று அவர் சொன்னது, நீங்கள் பயன்படுத்துவதற்கான அனுமதியாகக் கருதப்படலாம். நீங்கள் இன்னொருவருக்கு விற்பதற்கான உரிமையாக ஆகாது. எனவே 'விற்க வேண்டாம்' என்று அவர் சொல்வதை ஆலோசனை என்று எண்ணி ஒதுக்கிவிட முடியாது. அவர் சம்மதிக்காவிட்டால் இன்றுள்ள தோற்றத்தில் தளத்தை உங்களால் விற்கவே முடியாது. அவர் வேறொரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தால், உங்கள் முதல் கேள்வியை அவரும் தன் நிறுவனத்தைக் குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

உட்கார்ந்து பேசி ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: நிரல் யாருடையது, வடிவம் யாருடையது, டொமைன் யார் பெயரில் இருக்கும், வருமானம் வந்தால் பங்கு என்ன, ஒருவர் விலகினால் என்ன ஆகும். நட்பைச் சந்தேகிக்கும் செயலாக இதை நினைக்கிறீர்கள். எழுதாமல் விட்டு, விலைக்கு ஆள் வந்த பிறகு முறிந்த நட்புகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆளுக்கொரு நோட்டீஸோடு வந்து நிற்பார்கள், இருவரும் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள்.

அந்தச் சில நூறு பேர்

நீங்கள் கேட்காத கேள்வி இது. உங்கள் சர்வரில் பிறரின் பெயர்களும் மின்னஞ்சல்களும் இருக்கின்றன, யார் யாரிடம் எதை வாங்கித் திருப்பித் தரவில்லை என்ற கொஞ்சம் சங்கடமான விவரமும் இருக்கிறது. பொழுதுபோக்குத் தளம்தானே என்று சட்டம் விட்டுவிடாது. ஸ்வீடனில் தேவாலயத் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக் கணினியில் சொந்தமாக இணையப் பக்கம் அமைத்து, உடன் பணிபுரிந்தவர்களைப் பற்றி எழுதினார். ஒருவருக்குக் காலில் அடிபட்டது உட்பட. உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டது தனிப்பட்ட வீட்டு விவகாரம் ஆகாது என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளோ, தரவு கசிந்து பிறருக்குப் பாதகம் வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கின்றன. உங்களுக்கு அங்கே பயனர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, உங்கள் இடத்துச் சட்டமும் இந்தத் திசையில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விற்பதென்றால் நிரலோடு பயனர் பட்டியலையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட முடியாது. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேண்டாதவர்கள் தங்கள் தரவை நீக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். தேவையில்லாத பழைய பதிவுகளை இப்போதே நீக்கலாமா என்று கேட்பீர்கள். தகராறுக்குத் தொடர்பில்லாத பயனர் தரவை, முன்பே அறிவித்த காலக்கெடுப்படி நீக்கலாம். சந்தேகம் இருந்தால் பொறுத்திருங்கள்.

நிறுவனத்திடம் சொல்வது

உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கிலும் ஆபத்து உண்டு, அளவுதான் வேறு.

பேசாமல் இருப்பது முதல் வழி. தளம் சிறியதாக இருந்தவரை இது பலருக்கு ஓடியிருக்கிறது. உங்களுக்கு இனி ஓடாது. நிறுவனம் அதே துறையில் இறங்கிய நாளிலிருந்து உங்கள் மௌனத்துக்குப் பொருள் மாறிவிட்டது. பல ஒப்பந்தங்களில் வெளிவேலையைத் தெரிவிக்க வேண்டும் என்று தனி வரியே இருக்கும்.

குழுத்தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்வது இரண்டாவது. "அதனால் என்ன, தொடருங்கள்" என்று அவர் சொல்லக்கூடும், நல்ல மனதோடும் சொல்லக்கூடும். நிறுவனத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்காது. ஓராண்டு கழித்து அவர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

வேலையை விட்டுவிட்டுத் தளத்தோடு வெளியேறுவது மூன்றாவது. பலருக்குக் கவர்ச்சியாகத் தெரிவது. பணிக்காலத்தில் எழுதியதன் மீதான உரிமை, நீங்கள் விலகுவதால் திரும்பி வராது. விலகிய பிறகும் சில மாதங்கள் உருவாக்குவதைக் கோரும் வரிகள் சில ஒப்பந்தங்களில் உண்டு. அவை செல்லுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் விடுவிப்பு கேட்பது நான்காவது. நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் நாளைக் காலையே அல்ல. முதலில் ஒப்பந்தத்தையும் ஊழியர் கையேட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த ஒரு தொழில்முறை வழக்கறிஞரிடம் போங்கள். நான் இங்கே சொல்வது பொதுவான திசை. உங்கள் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வரி இதில் பாதியை மாற்றிவிடலாம். அவரோடு பேசுவதைச் சொந்தக் கைபேசியிலும் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணக்கில் நடக்கும் உரையாடலை நிறுவனம் படிக்கலாம், அதற்கு ரகசியக் காப்பு கோருவதும் கடினம். நீங்கள் எனக்கு எழுதியது அலுவலக முகவரியிலிருந்து. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள்.

நிறுவனத்துக்கான கடிதம் குறுகியதாக இருக்கட்டும். தளம் என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, யார் பயன்படுத்துகிறார்கள், வருமானம் உண்டா என்ற நான்கு செய்திகள் போதும். நிறுவனம் அதன் மீது உரிமை கோரவில்லை என்றும், நீங்கள் பணிநேரத்துக்கு வெளியே தொடரலாம் என்றும், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். லேப்டாப்பையும் அறுபது வரிகளையும் அந்தக் கடிதத்தில் எந்தச் சொற்களில் சொல்வது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். சொல்லாமல் விடும்படி நான் சொல்லவில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அறுபது வரிகளை நீக்கிய பிறகு சொல்வதற்கும் நீக்காமல் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு, அவ்வளவுதான்.

வேலை போகுமா என்று கேட்கிறீர்கள். போகலாம் என்ற சாத்தியத்தை மறைக்க மாட்டேன். ஆனால் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் உங்கள் தளம் வேண்டியதில்லை. தங்கள் நிரல் வெளியே போகவில்லை, நீங்கள் போட்டியாளராக மாறவில்லை என்ற உறுதிதான் வேண்டும். சில்லறைத் திருத்தங்களோடு விடுவிப்பு தருவது, வாடகைப் பக்கம் போகாதே என்று எல்லை போடுவது, நிறுத்தச் சொல்வது, அரிதாக அவர்களே வாங்கிக்கொள்வது, எல்லாம் நடக்கும். உரிமை கோரி மோதுவது கடைசியில் வருவது. பெரும்பாலும் தாமாக வேறு வழியில் தெரிந்துகொண்டபோது வருவது.

இது முடியும்வரை விற்பனையும் வேண்டாம், திறந்த மூல வெளியீடும் வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்தில் "இதன் முழு உரிமையும் என்னுடையது, பிறர் உரிமை கோரினால் இழப்பை நானே ஈடுசெய்வேன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இன்றைய நிலையில் நீங்கள் அதில் கையெழுத்திட்டால் பொய்யில் கையெழுத்திட்டதாகும், அதன் விலை தளத்தின் விலையைத் தாண்டிப் போகலாம். திறந்த மூலமாக வெளியிடுவது தோழருக்குத் தூய்மையான வழியாகத் தெரிகிறது. ஆனால் உரிமம் வழங்க உரிமையாளரால்தான் முடியும். உங்களுடையதா என்றே தெரியாததை உலகுக்கு அள்ளிக் கொடுத்தால், நிறுவனத்தின் பார்வையில் அது கூடுதல் குற்றச்சாட்டு. வெளியே போன பிரதிகளைத் திரும்பப் பெறவும் முடியாது. உரிமம் எதுவும் இடாமல் பொதுவில் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். உரிமம் இல்லாத நிரலைப் பிறர் சட்டப்படி எடுத்தாள முடியாது. பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்க முடியாது, உங்கள் நிறுவனத்தையும் சேர்த்து.

விடுவிப்பு கைக்கு வந்தால், புதிய களஞ்சியம் ஒன்றில் சுத்தமான முதல் கமிட்டாக வெளியிடுங்கள்; பழையது உங்களிடம் தனியாக இருக்கட்டும். எம்ஐடியா ஏஜிபிஎல்லா என்று அப்போது தோழரோடு சண்டை போடலாம்.

விலைக்குக் கேட்ட அமைப்புக்கு இன்று இரண்டே வரி எழுதினால் போதும்: உரிமை தொடர்பான ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் தொடர்புகொள்கிறேன். காரணங்களை விளக்க வேண்டாம். தளத்தை மூடவும் வேண்டாம்; பயனர்களுக்காகப் பாதுகாப்புத் திருத்தங்களை உங்கள் சொந்தக் கணினியிலிருந்து தொடருங்கள். புதிய வசதிகள், குறிப்பாக வாடகை, முன்பதிவு, அபராதக் கணக்கு போன்றவை, நிறுவனத்தின் பதில் வரும்வரை ஒரு வரிகூடச் சேர வேண்டாம்.